இதயத்தைத் தமிழ் அறிந்த வரலாறு

மனித உடம்பில் ஓய்வின்றி உழைக்கும் உறுப்பு எது என்று கேட்டால், ஐந்தாம் வகுப்புப் பிள்ளையும் 'இதயம்' என்று விடை சொல்லும். அந்த உழைப்பு எத்தகையது என்பதைச் சரியாக அறிவதற்கு மனித சமுதாயம் பல நூற்றாண்டுகள் தடுமாற வேண்டியிருந்தது. அறிந்த உண்மை தமிழில் அச்சேறுவதற்கு மேலும் இருநூறு ஆண்டுகளுக்கு மேற் சென்றன. அச்சேறிய உண்மை, தமிழ் பேசும் உழவனுடைய குடிசை வாசலை இன்னும் முழுமையாக எட்டவில்லை. இந்த மூன்று பயணங்களையும் மட்டக்களப்பு வாவிக் கரையில் நின்று நோக்குவதே நமது எண்ணம். தமிழில் விஞ்ஞானம் பேசுவதற்குச் சொல் தேடியவர்களுள் முன்னணியில் நின்ற ஒருவரை இந்தக் கரையே தந்தது. அறிவும் மக்களும் இன்றும் வெவ்வேறு கரைகளில் நிற்பதை இங்கே கண்ணாரக் காணலாம்.

மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமுடையது. கடலை ஒட்டிய கிழக்குக் கரையை எழுவான்கரை என்றும், வயல்கள் விரிந்து கிடக்கும் மேற்குக் கரையைப் படுவான்கரை என்றும் இப்பகுதி மக்கள் வழங்குவர். ஞாயிறு எழும் கரை ஒன்று, படும் கரை மற்றொன்று. நகரமும் பெரிய மருத்துவமனையும் எழுவான்கரைப் பக்கம். நெல்லை விளைவிக்கும் கைகள் படுவான்கரையில். மண்முனைத்துறையில் 2014ஆம் ஆண்டு பாலம் திறக்கப்படும்வரை, அவ்விடத்தில் நீரைக் கடக்க விரும்பிய எவரும் 'பாதை' என்று இங்கு அழைக்கப்படும் மிதவையில் ஏறியே கடக்க வேண்டியிருந்தது. நெல் மூட்டையும் அவ்வழியே வந்தது. நோயாளியும் அவ்வழியே வந்தார்.

இதயத்துக்கும் இவ்வாறே இரண்டு பக்கங்கள் உண்டு. முஷ்டியளவேயான அத்தசைப் பையை நடுவிலே ஒரு சுவர் இரண்டாகப் பிரிக்கிறது. ஒவ்வொரு பக்கத்திலும் மேலே ஒரு சோணையறையும் கீழே ஓர் இதயவறையுமாக மொத்தம் நான்கு அறைகள். உடலெங்கும் உழைத்துக் களைத்து, கரியமிலவாயுவைச் சுமந்து வரும் இரத்தம் பெருநாளங்களின் வழியாக வலப்பக்கத்தை அடைகிறது. அங்கிருந்து இடப்பக்கத்துக்கு நேர்வழி கிடையாது. நடுச்சுவரில் வாயிலும் இல்லை, துளையும் இல்லை. அந்த இரத்தம் நுரையீரலுக்குச் சென்று, கரியமிலவாயுவைக் கழித்து, பிராணவாயுவை ஏற்று, அதன் பின்னரே இடப்பக்கத்தை அடைகிறது. இடது இதயவறை அதைப் பெருநாடியினூடாக உடலெங்கும் செலுத்துகிறது. நுரையீரல் அருகிலேயே இருப்பதால் வலது இதயவறையின் சுவர் மெல்லியது; உச்சி முதல் உள்ளங்கால்வரை இரத்தத்தை அனுப்ப வேண்டியிருப்பதால் இடது இதயவறையின் சுவர் தடித்தது. வேலைக்கு ஏற்ற உடற்கட்டு!

அறைகளின் வாயில்களிலே வால்வுகள் காவல் நிற்கின்றன. வாவியின் முகத்துவாரத்தை நாம் அறிவோம். மாரி வெள்ளம் வாவியிலிருந்து கடலுக்கு ஓடுவதும் அவ்வழியே. கடலின் உப்புநீர் வாவிக்குள் ஏறுவதும் அவ்வழியே. இதயத்தின் வாயில்கள் அத்தகையன அல்ல. அவை ஒரு திசைக்கே திறப்பன. சோணையறைகளுக்கும் இதயவறைகளுக்கும் இடையிலுள்ள முக்கூர் வால்வும் இருகூர் வால்வும் மூடும்போது எழுவது இதயத்தின் முதல் ஒலி. நாடிகளின் தொடக்கத்திலுள்ள அரைமதி வால்வுகள் மூடும்போது எழுவது இரண்டாம் ஒலி. மருத்துவர் குழாய் வைத்துக் கேட்கும் துடிப்பு, கதவுகள் அடைபடும் ஓசையே.

இனி இந்த உழைப்பின் அளவைப் பார்ப்போம். ஓய்வாக இருக்கும் வளர்ந்த மனிதனின் இதயம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 70 முறை துடிக்கிறது. ஒவ்வொரு துடிப்பிலும் ஒவ்வோர் இதயவறையும் ஏறத்தாழ 70 மில்லிலீற்றர் இரத்தத்தை வெளியே தள்ளுகிறது. நிமிடத்துக்கு ஏறக்குறைய 5 லீற்றர். நாளுக்கு ஓர் இலட்சம் துடிப்புகள், 7000 லீற்றர். உடம்பிலுள்ள மொத்த இரத்தமோ 5 லீற்றர் அளவுதான். வயலிலே குனிந்து கதிர் அறுப்பவனுக்கு இந்த அளவு பல மடங்காக உயர்கிறது.

இவ்வளவு இரத்தத்தையும் கையாளும் இதயம், தன் அறைகளினூடே ஓடும் இரத்தத்திலிருந்து தனக்குப் போதிய உணவை எடுத்துக்கொள்ள முடிவதில்லை. பெருநாடியின் அடியிலிருந்து கிளைக்கும் முடியுரு நாடிகளே அதன் தசைக்கு இரத்தம் ஊட்டுகின்றன. அதிலும், கடினமாக உழைக்கும் இடது இதயவறை சுருங்கும்போது தன் நாடிகளைத் தானே நெரித்துவிடுகிறது. தளரும் வேளையிலேதான் அதற்குப் பெரும்பங்கு உணவு கிடைக்கிறது. துடிப்பொன்றுக்கு ஆகும் 0.8 செக்கனில் இதயவறை சுருங்கியிருப்பது 0.3 செக்கன், தளர்ந்திருப்பது 0.5 செக்கன். ஓய்வின்றி உழைப்பது என்று நாம் புகழும் இதயம், உழைப்பைவிட அதிக நேரத்தை ஓய்வுக்கு ஒதுக்கியே உயிர் வாழ்கிறது. ஓய்வு உழைப்பாளியின் உரிமை என்பதை உடம்பே ஒப்புக்கொண்டிருக்கிறது!

இன்று மாணவன் அரை மணி நேரத்தில் படித்துவிடும் இச்செய்திகளை நீண்டகாலம் மறைத்து வைத்தது எது? கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த கேலன் என்னும் கிரேக்க மருத்துவர், இரத்தம் ஈரலில் உண்டாகி உடலெங்கும் பாய்ந்து ஆங்காங்கே செலவழிந்துவிடுகிறது என்று எழுதினார். இதயத்தின் நடுச்சுவரிலே கண்ணுக்குப் புலப்படாத துளைகள் உள்ளன என்றும், அவற்றின் வழியாக இரத்தம் வலமிருந்து இடம் கசிகிறது என்றும் சொன்னார். அத்துளைகளை எவரும் கண்டதில்லை. எனினும் ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் அவற்றை நம்பின. அங்கே பேராசிரியர் உயர்ந்த ஆசனத்தில் அமர்ந்து கேலனின் நூலை வாசிப்பார். கீழே நின்று உடலை அறுப்பவன் நாவிதன். படித்தவன் கத்தியைத் தொடமாட்டான். கத்தியைத் தொட்டவன் படிக்கவில்லை. கையும் மூளையும் பிரிந்து நின்ற சமுதாயத்திலே கண்ணெதிரே கிடந்த உண்மையும் தெரியவில்லை.

பதின்மூன்றாம் நூற்றாண்டிலே, டமாஸ்கஸில் கற்றுக் கெய்ரோவில் பணியாற்றிய இப்னு அல்-நபீஸ் என்னும் அரபு மருத்துவர், நடுச்சுவர் தடித்தது, அதில் துளை இல்லை, இரத்தம் நுரையீரலின் வழியாகவே இடப்பக்கம் சேர்கிறது என்று துணிந்து எழுதினார். அவருடைய ஏடு நெடுங்காலம் கவனிப்பாரற்றுக் கிடந்தது. 1924ஆம் ஆண்டு எகிப்திய மருத்துவர் ஒருவர் பெர்லின் நூலகத்திலே அதைக் கண்டெடுத்த பின்னரே உலகம் அவர் பெருமையை உணர்ந்தது. இதயத்தின் உண்மையை ஐரோப்பா மட்டுமே கண்டது என்று எண்ணுவோர் இதை நினைவிற் கொள்வது நல்லது.

1543இல் வெசாலியஸ் தாமே கத்தியைக் கையிலெடுத்து அறுத்துப் பார்த்து உடற்கூற்று நூலை வெளியிட்டார். நுரையீரல் வழிச் சுற்றை எழுதிய செர்வெற்றஸ், தமது சமயக் கருத்துக்களுக்காக 1553இல் ஜெனிவாவில் உயிரோடு எரிக்கப்பட்டார். 1603இல் பதுவா நகர்ப் பேராசிரியர் பப்ரீசியஸ் நாளங்களிலுள்ள வால்வுகளை விளக்கி எழுதினார். அவரிடம் கற்ற ஆங்கிலேயர் வில்லியம் ஹார்வி 1628இல் இரத்தச் சுற்றோட்டத்தை நிறுவினார்.

ஹார்வியின் பெரிய ஆயுதம் எளிய கணக்கே. துடிப்பொன்றுக்கு இதயம் தள்ளும் இரத்தத்தின் அளவை மிகக் குறைவாகவே மதித்து, அதை அரை மணி நேரத்துத் துடிப்புகளால் பெருக்கினார். வந்த தொகை உடம்பிலுள்ள மொத்த இரத்தத்தையும் மிஞ்சியது. மனிதன் உண்ணும் உணவிலிருந்து இவ்வளவு இரத்தம் அரை மணிக்கொருமுறை பிறக்க முடியுமா? முடியாது. ஆகவே சென்ற இரத்தமே திரும்பி வருகிறது. அது வட்டமாகச் சுழல்கிறது. ஆயிரம் ஆண்டு அதிகாரத்தை ஒரு பெருக்கற் கணக்கு வீழ்த்திற்று.

அந்நூலை ஹார்வி அரசன் முதலாம் சார்ள்ஸுக்குக் காணிக்கையாக்கினார். இதயம் உயிரின் அரசன், அரசன் நாட்டின் இதயம் என்று முகவுரையிற் புகழ்ந்தார். 1649இல் அந்த அரசனின் தலையை இங்கிலாந்து மக்களின் புரட்சி வாங்கியது. அதே ஆண்டு ஹார்வி வெளியிட்ட கடிதங்களிலே இதயத்தைவிட இரத்தத்துக்கே முதன்மை அளிக்கும் போக்குக் காணப்படுகிறது. இவ்விரண்டையும் தொடர்புபடுத்திய வரலாற்றாசிரியர் உளர், மறுத்தவரும் உளர். நமக்கு ஒன்று போதும்: அரியணையில் வைக்கப்பட்டிருந்த இதயத்தை இறக்கி, வேலை செய்யும் தசையாகக் காட்டியது விஞ்ஞானம். நாடியிலிருந்து நாளத்துக்கு இரத்தம் எவ்வாறு செல்கிறது என்பதை ஹார்வி காணவில்லை. அவர் இறந்து நான்கு ஆண்டுகளின் பின், 1661இல், மல்பீகி தவளையின் நுரையீரலிலே நுண்ணிய மயிர்க்குழாய்களைக் கண்டு வட்டத்தை நிறைவு செய்தார்.

நமது நாட்டுப் பரிகாரிகள் மூன்று விரலை மணிக்கட்டில் வைத்து வாத பித்த கபங்களை அறிய முயன்றனர். நுட்பமான விரல்கள் அவை. ஆயினும் துடிப்பை உணர்ந்தவர்கள் துடிப்பின் இயந்திரத்தைத் திறந்து பார்க்கவில்லை. உடலைத் தொடுவதும் அறுப்பதும் இழிந்தவன் வேலை என்று சாதி வகுத்த நாட்டிலே, கைக்கும் மூளைக்கும் இடையில் இருந்த சுவர் ஐரோப்பாவில் இருந்ததைவிடத் தடித்தது.

அந்தச் சுவரில் முதற் பெருந்துளை போட்ட பணி யாழ்ப்பாணத்து மானிப்பாயில் நடந்தது. 1847இல் இலங்கை வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், அங்கே மருத்துவமனை நடத்தியதோடு உள்ளூர் இளைஞர்களுக்கு மருத்துவமும் கற்பித்தார். மதம் பரப்ப வந்தவர் அவர்; அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அவர் கண்ட ஓர் உண்மை மதத்துக்கு அப்பாற்பட்டது. ஆங்கிலத்தில் மருத்துவம் கற்ற இளைஞர் அரசாங்க உத்தியோகம் தேடி ஊரை விட்டுப் போயினர். கிராமத்து நோயாளி பழைய இடத்திலேயே இருந்தான். ஆகவே 1860களில் அவர் தமிழிலேயே மருத்துவம் கற்பிக்கத் தொடங்கினார். அவரிடம் பயின்ற அறுபதுக்கு மேற்பட்ட மருத்துவர்களுள் ஏறத்தாழப் பாதிப் பேர் தமிழிலே கற்றவர்கள்.

பாடநூல் இல்லாமற் பாடம் ஏது? கிறீனும் அவருடைய தமிழ் மாணவர்களும் நூல்களைத் தமிழாக்கினர். உடற்கூறும் உடற்றொழிலும் 1850களிலேயே தமிழில் அச்சேறின. லண்டனில் 1858இல் முதன்முதல் வெளிவந்த கிறேயின் உடற்கூற்று நூல், 1872இல் 'மனுஷ அங்காதிபாதம்' என்று தமிழில் வந்தது. வெறும் 14 ஆண்டு இடைவெளி! இதயத்தின் அறைகளையும் வால்வுகளையும் தமிழ் வசனத்திலே படித்து, பிணத்தை அறுத்துச் சரிபார்த்த தமிழ் மாணவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே நம்மிடை இருந்தனர். 'தமிழில் மருத்துவம் கற்பிக்க முடியுமா?' என்று இன்றும் ஐயுறும் கல்விமான்களுக்கு இந்த ஒரு செய்தி போதுமான விடை.

அம்முயற்சி ஏன் நிலைக்கவில்லை? சொற்பஞ்சத்தால் அன்று. 1870இல் கொழும்பிலே அரசாங்க மருத்துவக் கல்லூரி ஆங்கிலத்தில் தொடங்கிற்று. உத்தியோகமும் சம்பளமும் மதிப்பும் அம்மொழியின் பின்னால் நின்றன. கிறீன் 1873இல் தாயகம் திரும்பி 1884இல் காலமானார். அவருடைய நூல்கள் அலுமாரிக்குள் அடங்கின. மொழி தோற்கவில்லை, அம்மொழியைப் பேசிய ஏழை மக்களிடம் அதிகாரம் இருக்கவில்லை.

ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்து, 1920இல், அதே மானிப்பாயிலே இந்துக் கல்லூரிக்கு அதிபராக ஒருவர் வந்தார். மட்டக்களப்பு வாவியின் தெற்கே காரைதீவில் 1892இல் மயில்வாகனன் என்ற பெயரோடு பிறந்து, கல்முனையிலும் மட்டக்களப்பிலும் கற்று, இரசாயனம் கற்பித்து, லண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டமும் பெற்றவர். பின்னாளில் துறவு பூண்டு விபுலாநந்தர் ஆனார். யாழ் நூலின் ஆசிரியர் என்றே அவரைப் பலரும் அறிவர். அவருக்குள் இருந்த விஞ்ஞான ஆசிரியரை நாம் அவ்வளவு நினைப்பதில்லை.

1930களில் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் கலைச்சொல்லாக்கத்தை மேற்கொண்டபோது அப்பணிக்குத் தலைமை தாங்கியவர் இந்த வாவிக்கரை ஆசிரியரே. 1936இல் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் நடந்த சொல்லாக்க மாநாட்டுக்கும் அவரே தலைவர். 1938இல் வெளியான கலைச்சொற் தொகுதி ஏறத்தாழப் பத்தாயிரம் சொற்களைக் கொண்டது. உடலியலும் அதனுள் அடங்கும். ஒரு பள்ளிக்கூட ஆசிரியர் மாணவனுக்குச் சொல்லும்போது அவன் முகத்தில் விளக்கம் தோன்ற வேண்டும். அத்தகைய சொல்லே நல்ல கலைச்சொல். 1940இல் சென்னை அரசு சீனிவாச சாஸ்திரியார் தலைமையில் அமைத்த குழு வடமொழிச் சொற்களுக்கும் ஆங்கிலச் சொற்களுக்கும் சாய்வு காட்டியபோது தமிழறிஞர் கொதித்தெழுந்ததும் இந்தக் காரணத்தாலேயே. அது வெறும் மொழிப்பற்று என்று ஒதுக்குவோர், மாணவனுடைய காதை மறந்தவர்கள்.

இந்த வரலாற்றின் தடம் இதயத்தைப் பற்றிய சொற்களிலேயே பதிந்திருக்கிறது. இதயத்திலிருந்து இரத்தத்தை எடுத்துச் செல்லும் குழாயைத் தமிழகத்துப் பாடநூல் 'தமனி' என்கிறது. இதயத்துக்குக் கொண்டுவரும் குழாயைச் 'சிரை' என்கிறது. இரண்டையும் இணைப்பதைத் 'தந்துகி' என்கிறது. இலங்கைப் பாடநூலோ 'நாடி', 'நாளம்', 'மயிர்க்குழாய்' என்கிறது. தமனியும் சிரையும் வடமொழி மருத்துவ நூல்களில் வழங்கிய சொற்கள். நாடியோ பரிகாரியின் விரலடியில் துடித்த அதே நாடி. படுவான்கரைப் பாட்டிக்கும் 'நாடி பார்த்தல்' தெரியும். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டே அவளுக்கு ஹார்வியின் உண்மையைச் சொல்லிவிடலாம்.

விபுலாநந்தர் 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார், 1947இல் மறைந்தார். வாவிக்கும் கடலுக்கும் இடையே கல்லடி உப்போடையில், 1929இல் தொடங்கிய சிவானந்த வித்தியாலயத்தின் வளவிலே அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது. 1960களில் இந்நாட்டுப் பாடசாலைகளில் விஞ்ஞானமும் தாய்மொழியில் நடைபெறலாயிற்று. மீன்பிடிப்பவர் மகளும் வயற்கூலியின் மகனும் சோணையறையையும் இதயவறையையும் தமிழிலே வரைந்து பெயர் குறித்தனர். அவர்களுள் சிலர் மருத்துவராயினர். 1986இல் கிழக்குப் பல்கலைக்கழகம் உதயமாயிற்று; இந்த நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் மருத்துவக் கல்வியும் மட்டக்களப்புக்கு வந்தது. இவை சிறிய வெற்றிகள் அல்ல.

ஆயினும் பல்கலைக்கழக வாயிலில் மொழி மாறிவிடுகிறது. தமிழில் இதயத்தைக் கற்று வந்த மாணவன் அங்கே அதை ஆங்கிலத்தில் மீண்டும் கற்கிறான். உலகத்து ஆய்வுகளை அறிய ஆங்கிலம் தேவை. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் படித்து முடித்து நோயாளியின் முன் அமரும்போது, அவன் பள்ளியிற் கற்ற தமிழ் அவனிடம் மீந்திருக்கிறதா? 'வால்வில் பழுது' என்று கேட்கும் தாய், அது என்ன கதவு, எப்படிப் பழுதானது என்று விளங்கிக்கொண்டு வீடு திரும்புகிறாளா?

இக்கேள்வி வெறும் வாதத்துக்கானது அன்று, உயிர் சம்பந்தப்பட்டது. றூமற்றிக் காய்ச்சல் என்று மருத்துவர் வழங்கும் மூட்டுவாதக் காய்ச்சலை எடுத்துக்கொள்வோம். ஐந்து முதல் பதினைந்து வயதுவரையான பிள்ளைகளையே அது பெரும்பாலும் தாக்கும். ஒருவகைக் கிருமியால் தொண்டை நோகிறது. கவனியாது விட்டால் சில வாரங்களில் மூட்டுக்கள் வீங்குகின்றன. கிருமியை எதிர்க்க எழுந்த உடலின் சொந்தப் படை, தவறுதலாக இதய வால்வுகளையே தாக்கித் தழும்பாக்குகிறது. தழும்பேறிய வால்வு சரியாகத் திறவாது, சரியாக மூடாது. பல ஆண்டுகள் கழித்து அப்பிள்ளை வளர்ந்து வயலில் இறங்கும்போது மூச்சு வாங்குகிறது; பெண்ணாயின் முதற் கருப்பத்தின்போதே உயிருக்கு ஆபத்து நேர்கிறது.

இந்நோய் பணக்காரர் வீட்டில் அரிது. ஓர் அறையில் ஏழெட்டுப் பேர் நெருங்கிப் படுக்கும் குடிசையே கிருமிக்கு வசதி. உலகத்தின் செல்வந்த நாடுகளில் பெரும்பாலும் மறைந்துவிட்ட இந்நோய் வறிய நாடுகளில் இன்றும் தொடர்கிறது. தடுப்பதற்கு வேண்டியது பெனிசிலின். விலை மலிந்த மருந்து. தொண்டை நோவை உரிய காலத்தில் குணப்படுத்தினால் நோய் வராது. வந்தவருக்கு மூன்று அல்லது நான்கு வாரத்துக்கு ஒருமுறை ஊசி, பல ஆண்டுகளுக்கு. பிள்ளை நன்றாக ஓடி விளையாடும்போது இந்த ஊசி எதற்கு என்று தாய்க்கு விளங்காவிட்டால் ஊசி நின்றுவிடும். கூலி ஒருநாள் போனால் அடுப்பு எரியாத வீட்டிலே, விளங்காத ஊசிக்காக எவர் பாதையேறிக் கரை கடப்பார்? குற்றம் தாயினுடையதன்று. வறுமையும், விளக்கிச் சொல்லாத அறிவும் சேர்ந்து செய்த குற்றம் அது.

ஹார்விக்கும் அந்தத் தாய்க்கும் இடையே இன்னும் ஒரு நடுச்சுவர் நிற்கிறது. கேலன் கற்பனை செய்த துளைகளை நம்பி நாம் வாளாவிருக்க முடியாது. மேலிருந்து அறிவு தானாகக் கீழே கசிந்துவிடும் என்பதும் அத்தகைய கற்பனைதான். சுற்றிச் சென்றேனும் அதைக் கொண்டுசேர்க்க மனிதர் வேண்டும். மானிப்பாயின் தமிழ் மருத்துவ மாணவர் அதைச் செய்தனர். காரைதீவின் ஆசிரியர் அதைச் செய்தார். இன்று அப்பணி நம்முடையது. வகுப்பறையில் இதயப் படம் வரைவிக்கும் ஆசிரியர், தொண்டை நோவையும் மூட்டு வீக்கத்தையும் அதே பாடத்தில் சேர்த்துச் சொல்லட்டும். மாணவர் அதை வீட்டுக்குக் கொண்டுபோகட்டும். இடுகுறியாய் மனனஞ் செய்த சொற்கள் அப்போது உயிர் பெறும்.

நல்ல வீடும் நியாயமான கூலியும் அருகில் மருத்துவமனையும் வேண்டும் என்ற கோரிக்கைக்கு இது மாற்று அன்று. அக்கோரிக்கையை உரத்து எழுப்புவதற்கான அறிவே இது. தன் மகளுடைய இதயத்தின் கதவு எதனாற் பழுதாயிற்று என்று அறிந்த தாய், அதை விதி என்று ஏற்றுக்கொண்டு பேசாதிருக்க மாட்டாள்.